மின்னஞ்சல் மாற்றம்: சனிக்கிழமை இரவுக்கு முன் முடித்திருக்க வேண்டியவை

திருப்பூரில் இருபது, முப்பது பேர் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் மின்னஞ்சலை யார் கவனிக்கிறார்கள் என்று முதலாளியிடம் கேட்டால், "வெப்சைட் போட்டுக் கொடுத்த தம்பி பார்த்துக்கொள்கிறார்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இணையதளம் அமைத்தபோது, தளத்துக்குச் சர்வரில் வாடகைக்கு எடுத்த இடமான அதே ஹோஸ்டிங் கணக்கோடு சேர்ந்து வந்த அஞ்சல்பெட்டிகளை, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களுக்கு ஆளுக்கொன்று, கணக்குப் பிரிவுக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அதற்குப் பிறகு அதைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் எழுந்திருக்காது. பிறகு ஒருநாள் ஜெர்மனியிலிருந்து சரக்கு வாங்கும் பையர் தொலைபேசியில் அழைத்து, சாம்பிள் பற்றிய பதில் மூன்று நாளாகத் தன் ஸ்பேம் பெட்டியில் கிடந்ததைச் சொல்வார். அல்லது பெட்டி நிரம்பிவிட்டதென்று சொல்லி சர்வர், ஆடையின் அளவும் வடிவமும் அடங்கிய ஒரு டெக் பேக்கைத் திருப்பி அனுப்பிவிடும். புதிய மின்னஞ்சல் சேவைக்கு மாறலாமா என்ற பேச்சு அன்றைக்குத்தான் தொடங்கும்.

மாறும் வேலை உண்மையில் ஓர் இரவில் முடிந்துவிடும். அந்த இரவுக்கு ஆயத்தமாவதற்குத்தான் ஒரு மாதம் பிடிக்கிறது, அந்த ஒரு மாதத்தில் பெரும்பகுதி கணினி வேலையும் அல்ல. எந்தச் சாவி யார் கையில் இருக்கிறது, எந்த முகவரி எங்கெல்லாம் பதிவாகியிருக்கிறது, பழைய கடிதங்கள் எந்த மேசைக்கு அடியில் கிடக்கின்றன என்று கணக்குப்பிள்ளையைப் போல உட்கார்ந்து எழுதும் வேலை அது. இதை எழுதாமல் நேராகச் சேவையை வாங்கிவிட்டு, வாங்கிய பிறகு வழி தேடுவதே சிறு நிறுவனங்களில் நான் அதிகம் பார்த்த வழக்கம்.

இந்த மாற்றம் இப்போது ஏன் தவிர்க்க முடியாததாகிறது என்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. மின்னஞ்சலைச் சுமந்து செல்லும் எஸ்எம்டிபி என்னும் நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது, வலைப்பின்னலில் இருந்த கணினிகள் ஒன்றையொன்று நம்பின. அனுப்புநர் இடத்தில் யார் எந்தப் பெயரை எழுதினாலும் கடிதம் போய்ச் சேர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் பிற்காலத்தில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று ஏற்பாடுகள் வந்தன. முதலாவது, முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரான இந்த டொமைனின் சார்பில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு உரிமை உண்டு என்று அறிவிக்கும் பட்டியல். இரண்டாவது, ஒவ்வொரு கடிதத்தின் மீதும் விழும் கண்ணுக்குத் தெரியாத முத்திரை. மூன்றாவது, இவை பொருந்தாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவருக்குச் சொல்லும் கட்டளை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் எல்லா அனுப்புநர்களிடமும் முதல் இரண்டில் ஒன்றையாவது எதிர்பார்க்கின்றன, நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோரிடம் மூன்றையும் கேட்கின்றன. மைக்ரோசாஃப்ட்டும் 2025 மே மாதம் தன் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு இதே வழியைப் பின்பற்றத் தொடங்கியது. பனியன் நிறுவனம் நாளுக்கு ஐயாயிரம் கடிதம் எழுதப் போவதில்லை என்றாலும், முத்திரை இல்லாத கடிதத்தைச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. இதோடு, மலிவான ஹோஸ்டிங்கில் சர்வரின் அடையாள எண்ணான ஒரே ஐபி முகவரியை நூற்றுக்கணக்கான இணையதளங்கள் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று ஸ்பேம் அனுப்பி அந்த ஐபி தடைப்பட்டியலில் ஏறிவிட்டால், அதே சர்வரில் குடியிருக்கும் மற்ற எல்லோருடைய கடிதங்களும் சேர்ந்தே சந்தேகத்துக்கு உள்ளாகின்றன.

ஆயத்தத்தில் முதல் கேள்வி, டொமைன் யாருடைய கணக்கில் இருக்கிறது என்பது. பெயரைப் பதிவு செய்த இடம், அந்தப் பெயரைத் தேடி வருவோருக்கு எந்தச் சர்வர் என்று வழிகாட்டும் டிஎன்எஸ் குறிப்புகள் இருக்கும் இடம், இணையதளம் இருக்கும் இடம், அஞ்சல் இருக்கும் இடம் ஆகிய நான்கும் தனித்தனியானவை. ஒரே ஆளிடம் ஒரே பில்லில் வாங்கியதால் நான்கும் ஒன்றுபோலத் தெரிகின்றன, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் டொமைன், வெப்சைட் அமைத்தவரின் சொந்தக் கணக்கில் அவருடைய வேறு வாடிக்கையாளர்களின் பெயர்களோடு கலந்து கிடந்தது. அவர் வளைகுடாவுக்குப் போய்க் கைபேசி எண்ணையும் மாற்றியிருந்தார். பான் அட்டை நகல், ஜிஎஸ்டி சான்றிதழ், லெட்டர்ஹெட்டில் எழுதிய கடிதம் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பெயரை மீட்பதற்கே ஆறு வாரம் ஆனது. இதைவிட நுட்பமான பொறி ஒன்றும் உண்டு. டொமைன் கணக்கில் நுழைவதற்கான மின்னஞ்சல், அதே டொமைனில் இருக்கும் முகவரியாக இருந்தால், அஞ்சல் நின்றுபோகும் நாளில் அதைச் சரிசெய்ய வேண்டிய ஓடிபியும் நின்றுபோன அந்தப் பெட்டிக்குத்தான் போகும். பெட்டகத்தின் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான். ஆகவே, வேறு எதையும் தொடுவதற்கு முன், டொமைன் கணக்கை நிறுவனத்தின் பெயருக்குக் கொண்டுவந்து, மீட்பு முகவரியாக வெளியே உள்ள ஒன்றையும் முதலாளியின் கைபேசி எண்ணையும் பதிந்துவிட வேண்டும்.

அடுத்தது பழைய கடிதங்கள். பணம் செலவழித்த பிறகும் கண்ணீர் வரவழைக்கும் இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

கடிதங்களைக் கணினிக்குக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. சர்வரில் இடம் அரிதாக இருந்த காலத்துக்கு ஏற்றது பாப் முறை. கடிதத்தைக் கணினிக்கு இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து அழித்துவிடுவது அதன் இயல்பு. 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கிய ஐமேப் முறையில் கடிதங்கள் சர்வரிலேயே இருக்க, கணினி அவற்றைக் காட்டும் கண்ணாடியாக மட்டும் இருக்கும். நம் அலுவலகங்களில், கணினியில் கடிதம் படிக்கும் அவுட்லுக் மென்பொருளை அமைத்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பாப் முறையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், ஏனெனில் ஹோஸ்டிங்கில் கொடுத்த இடம் சொற்பம். சர்வரில் ஒரு பிரதியை வைத்திரு என்று அவுட்லுக்கில் குறியிட்டிருந்தாலும், பதினான்கு நாளுக்குப் பிறகு அகற்று என்ற வரி அதனடியிலேயே இருக்கும், அதை யாரும் மாற்றுவதில்லை. அதன் விளைவாகச் சர்வரில் இருப்பது இரண்டு வாரக் கடிதங்கள் மட்டுமே. மீதிப் பன்னிரண்டு ஆண்டுகளும் மெர்ச்சண்டைசரின் கணினியில், பிஎஸ்டி என்ற ஒற்றைக் கோப்புக்குள் இருக்கின்றன.

புதிய சேவையின் இடமாற்றக் கருவி சர்வரிலிருந்துதான் படியெடுக்கும். அது தன் வேலையை முழுமையாகச் செய்து, நூறு சதவீதம் முடிந்தது என்று பச்சை நிறத்தில் காட்டும். அது சொல்வதும் பொய்யல்ல, சர்வரில் இருந்த இரண்டு வாரக் கடிதங்களில் நூறு சதவீதம். பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிய பிறகு, 2019இன் ஒரு கோடைக்கால ஆர்டரில் எந்த ஜிஎஸ்எம்முக்கு (துணியின் எடை அளவுக்கு) பையர் ஒப்புதல் கொடுத்தார் என்று தேடும்போதுதான் உண்மை தெரியவரும். எனவே ஒவ்வொரு மேசைக்கும் போய், அவுட்லுக்கின் கணக்கு அமைப்பைத் திறந்து, பாப் முறையா ஐமேப் முறையா, கோப்பு எங்கே இருக்கிறது, எத்தனை ஜிபி என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நான் உடனிருந்த ஓர் அலுவலகத்தில் மூத்த மெர்ச்சண்டைசரின் கோப்பு மட்டும் 38 ஜிபி இருந்தது. பையர் பெயரில் ஃபோல்டர், அதற்குள் சீசன், அதற்குள் ஸ்டைல் எண் என்று அவர் அடுக்கிவைத்திருந்த ஒழுங்கு ஒரு நல்ல நூலகருக்கு உரியது. நிறுவனத்தின் நினைவே அந்தக் கோப்பில்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, முதலாளிக்குத் தெரியவில்லை. 20 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்றினால் கணக்குப்படி நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆக வேண்டிய வேலை, சேவைகள் விதிக்கும் வேகக் கட்டுப்பாட்டாலும் இடையில் போகும் இணைய இணைப்பாலும் நாட்கணக்கில் நீண்டது.

எல்லாவற்றையும் புதிய பெட்டிக்குள் கொண்டுபோக வேண்டுமா என்றால், தேவையில்லை என்பதே என் கருத்து. கடைசி இரண்டு ஆண்டுகளை ஏற்றிவிட்டு, அதற்கு முந்தையதை அப்படியே கோப்பாக இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில் எடுத்து, ஒன்றை அலுவலகத்துக்கு வெளியே வைப்பது போதும். ஆனால் அழித்துவிடக் கூடாது. ஜிஎஸ்டி சட்டம் கணக்குப் பதிவேடுகளை ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்கிறது, கம்பெனிகள் சட்டம் எட்டு நிதியாண்டுகள் என்கிறது. விலை ஒப்புதலும் டெபிட் நோட்டும் மின்னஞ்சலிலேயே நடக்கும் தொழிலில் கடிதமும் அந்தப் பதிவேட்டின் ஆதாரம்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவைச் சான்றிதழோடு சாட்சியமாக ஏற்கிறது. ஆகவே பழைய கடிதங்களைப் புதிய பெட்டிக்கு ஃபார்வர்டு செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. ஃபார்வர்டு செய்த கடிதத்தில் அனுப்பியவரும் தேதியும் மாறிவிடுகின்றன, எந்தச் சர்வர் வழியாக எப்போது வந்தது என்ற தலைப்புக் குறிப்புகள் போய்விடுகின்றன. வழக்கு என்று வந்தால் வலுச் சேர்ப்பவை அந்தக் குறிப்புகளே.

பெட்டிகளின் பட்டியலை எடுக்கும்போது அலுவலகத்தின் வரலாறே வெளியே வரும். மூன்று ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுப் போனவரின் பெட்டிக்கு இன்றும் ஒரு பையர் ஷிப்மென்ட் விவரம் கேட்டு எழுதிக்கொண்டிருப்பார். பொது விசாரணை முகவரியை நான்கு பேர் ஒரே கடவுச்சொல்லில் திறந்து, முதலில் திறந்தவரின் கணினிக்கே கடிதம் இறங்கிவிடுவதால் மற்ற மூவரும் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். புதிய சேவைகள் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குபவை. எனவே எது ஆளுக்கான பெட்டி, எது பலருக்குப் பிரிந்து போகும் குழு முகவரி, எது ஒருவருடைய பெட்டிக்கு இன்னொரு பெயர் என்று முன்னதாகவே பிரித்துவிட்டால் செலவு கணிசமாகக் குறையும். கூகுள் ஒர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, சென்னை நிறுவனமான ஜோஹோ 2008இல் வெளியிட்ட ஜோஹோ மெயில் ஆகியவற்றுள் எது சிறந்தது என்ற விவாதத்தில்தான் அலுவலகங்கள் அதிக நேரத்தைச் செலவிடுகின்றன. இருபது பேர் அலுவலகத்துக்கு மூன்றுமே தாராளமாகப் போதும். கவனிக்க வேண்டியது, மேசையில் இருக்கும் அவுட்லுக் எந்த ஆண்டுப் பதிப்பு என்பதைத்தான். மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரிலிருந்து தன் சேவையில் வெறும் பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கொண்ட பழைய நுழைவுமுறையை மூடத் தொடங்கியது. கூகுளும் ஒர்க்ஸ்பேஸில் 2025இல் அதை நிறுத்தியது. அவுட்லுக் 2010 வைத்திருக்கும் கணினி மைக்ரோசாஃப்ட் 365இன் வாசலிலேயே நின்றுவிடும்.

முகவரி எங்கெல்லாம் பதிவாகியிருக்கிறது என்ற பட்டியல் எவ்வளவு நீளும் என்பது, டொமைன் மாறுகிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. அதே டொமைன், சேவை மட்டும் வேறு என்றால் ஓடிபிக்கள் தாமாகவே புதிய பெட்டிக்கு வந்துவிடும். இலவச ஜிமெயில் முகவரியிலேயே தொழில் நடத்திவிட்டு இப்போதுதான் சொந்த டொமைனுக்குப் போகும் நிறுவனத்துக்கோ ஜிஎஸ்டி தளம், வருமான வரித் தளம், வெளிநாட்டு வர்த்தகத் துறையான டிஜிஎஃப்டியின் ஐஇசி என்னும் ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவு, சுங்கத் துறையின் ஐஸ்கேட், வங்கி, பிஎஃப், இஎஸ்ஐ, கூரியர் கணக்கு, ஒவ்வொரு பையரின் வெண்டர் போர்ட்டல் என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மாற்ற வேண்டியிருக்கும். ஜிஎஸ்டி தளத்தில் இது அதிகாரியின் ஒப்புதல் தேவைப்படாத திருத்தம்தான்; ஐஇசியை ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் எப்படியும் புதுப்பிக்க வேண்டும் என்பதால் அதோடு சேர்த்துவிடலாம். இரண்டு பெட்டிகளும் உயிரோடு இருக்கும் காலத்திலேயே இவற்றை முடித்துவிட வேண்டும். பழைய ஜிமெயில் கணக்கை மூடாமல் வைத்திருப்பதோடு, அவ்வப்போது திறந்து பார்க்கவும் வேண்டும், ஏனெனில் இரண்டு ஆண்டுகள் தொடப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் கொள்கையை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது.

மனிதர்களைத் தவிர இயந்திரங்களும் மின்னஞ்சல் அனுப்புகின்றன என்பது எல்லோருக்கும் மறந்துபோகிறது. ஸ்கேன் செய்த பேக்கிங் லிஸ்ட்டை நேராக அனுப்பும் ஜெராக்ஸ் இயந்திரம், பில்லை அனுப்பும் டேலி, இணையதளத்தின் தொடர்புப் படிவம், சிசிடிவி பெட்டி ஆகியவற்றில் பழைய சர்வரின் பெயரும் கடவுச்சொல்லும் எழுதப்பட்டிருக்கும். இவை எதுவும் புகார் சொல்லத் தெரியாதவை, மாற்றத்துக்குப் பிறகு அமைதியாக நின்றுவிடும்.

புதிய முகவரியைப் பையர்களுக்கு அறிவிக்கும் விதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மோசடிக்காரர்கள் எழுதும் கடிதமும் ஏறத்தாழ இதே கடிதம்தான். எங்கள் மின்னஞ்சல் மாறிவிட்டது, இனி இந்த முகவரிக்கு எழுதுங்கள், கூடவே எங்கள் வங்கிக் கணக்கும் மாறிவிட்டது என்று ஷிப்மென்ட் போன மறுநாள் பையருக்கு ஒரு கடிதம் போகும்; அனுப்புநர் முகவரியில் ஆங்கில எம் எழுத்துக்குப் பதிலாக ஆர், என் இரண்டும் ஒட்டி நிற்பதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இந்தச் சூழலில் பையருக்கு நாமே முகவரி மாற்றக் கடிதம் அனுப்புவது, அடுத்து வரும் போலிக் கடிதத்தை நம்புவதற்கு அவரைப் பழக்குவதாகவும் ஆகிவிடலாம். எனவே முக்கியமான பையர்களிடம் முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டு, பழைய முகவரியிலிருந்தே கடிதம் அனுப்பி, வங்கிக் கணக்கில் எந்த மாற்றமும் இல்லை, அப்படி ஒரு கடிதம் வந்தால் பேசி உறுதிசெய்யாமல் பணம் அனுப்ப வேண்டாம் என்று தெளிவாக எழுத வேண்டும். 2025 அக்டோபரில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா தாம் ஜோஹோ மெயிலுக்கு மாறியதைப் புதிய முகவரியோடு பொதுவெளியிலேயே அறிவித்தார். அது அமைச்சருக்குப் பொருந்தும், வங்கி வழியே டாலர் வர வேண்டிய நிறுவனத்துக்குத் தொலைபேசியே நல்லது. உள்ளேயும் இதே எச்சரிக்கை வேண்டும். மாற்றம் நடந்த வாரத்தில் உங்கள் புதிய பெட்டியை உறுதிசெய்யுங்கள் என்று வரும் எந்தக் கடிதத்தையும் ஊழியர்கள் உண்மையென்றே நம்பிவிடுவார்கள் என்பதால், இருபடிச் சரிபார்ப்பை முதல் நாளே கட்டாயமாக்கிவிடுவது உத்தமம். பணம் போய்விட்டதென்றால் உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930.

நாளைத் தேர்ந்தெடுப்பது நம் ஊரில் பஞ்சாங்க வேலைக்குச் சற்றும் குறைந்ததல்ல. டிடிஎஸ் கட்டும் 7, ஜிஎஸ்டிஆர்-1க்கான 11, 3பிக்கான 20 ஆகிய தேதிகளை ஒட்டிய நாட்கள் ஆகாது. தீபாவளி போனஸ் வாரமும், ஷிப்மென்ட் நெருக்கும் வாரமும் ஆகாது. ஐரோப்பிய பையர்களின் அலுவலகம் வெள்ளி மாலையோடு மூடிவிடும். இங்கே சனிக்கிழமை வாரச் சம்பளம் போட்டு முடித்த பிறகு அலுவலகமும் ஓய்ந்துவிடும். 20ஆம் தேதிக்குப் பின்வரும் சனிக்கிழமை இரவுக்கு ஈடான நேரம் வேறில்லை. ஜெர்மனியில் திங்கள் காலை ஒன்பது மணி ஆகும்போது நமக்குப் பகல் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை என்பதால், ஞாயிறு முழுவதும் போக, திங்கள் காலையிலும் தவறுகளைத் திருத்த அவகாசம் உண்டு.

அந்த இரவில் செய்வது எம்எக்ஸ் என்னும் டிஎன்எஸ் குறிப்பை மாற்றுவது. இந்த டொமைனுக்கான கடிதங்களை எந்தச் சர்வரிடம் கொடுப்பது என்று உலகத்துக்குச் சொல்லும் வரி அது. உலகெங்கும் உள்ள சர்வர்கள் அந்த வரியைப் படித்துக் குறிப்பிட்ட நேரம் நினைவில் வைத்திருக்கும். அந்த நேரம் 86,400 நொடி, அதாவது ஒரு முழு நாள் என்று அமைந்திருந்தால், நாம் மாற்றிய பிறகும் ஒரு நாள் வரை பழைய வீட்டுக்கே கடிதங்கள் போய்க்கொண்டிருக்கும். இரண்டு நாள் முன்னதாகவே அதை 300 நொடியாகக் குறைத்துவிட்டால் இந்தத் தடுமாற்றம் நிமிடங்களில் அடங்கிவிடும். இடைவெளியில் கடிதங்கள் தொலைந்துவிடுமோ என்ற அச்சம் பொதுவாகத் தேவையற்றது, ஏனெனில் பெறும் சர்வர் கிடைக்காவிட்டால் நான்கைந்து நாட்களாவது மீண்டும் மீண்டும் முயல வேண்டும் என்பது எஸ்எம்டிபியின் மரபு. எம்எக்ஸ் வரியோடு எஸ்பிஎஃப் வரியையும் மாற்ற வேண்டும். பழையதை நீக்காமல் இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது, மேலும் அந்த வரி பத்துக்கு மேற்பட்ட டிஎன்எஸ் தேடல்களை உண்டாக்கினாலும் செல்லாது. டிகேஐஎம் சாவியை உருவாக்கி டிஎன்எஸ்ஸில் ஏற்றும் வேலையை நாமே செய்ய வேண்டும், சேவையை வாங்கியதும் அது தானாக நடந்துவிடாது. டிமார்க்கை முதல் சில வாரங்களுக்கு வெறும் கண்காணிப்பு நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளைப் பார்த்து, நம் பெயரில் அனுப்பும் எல்லா இயந்திரங்களும் பட்டியலுக்குள் வந்துவிட்டன என்று தெரிந்த பிறகே இறுக்க வேண்டும்.

திங்கள் காலையில் வரும் புகார்களில் பெரும்பாலானவை கடிதத்தைப் பற்றியவை அல்ல. முதல் இரண்டு எழுத்தை அடித்தால் தானாக வரும் பையரின் முகவரி இப்போது வரவில்லை என்பதுதான் முதல் புகார். அந்த நினைவு பழைய அவுட்லுக்கில் இருந்தது, முகவரிப் புத்தகத்தில் இல்லை. ஒவ்வொருவரும் தாம் அன்றாடம் எழுதும் முப்பது முகவரிகளை முந்தைய வாரமே தொடர்புப் பட்டியலில் சேர்த்திருந்தால் இந்தப் புகார் எழாது. கைபேசியில் பழைய கணக்கை நீக்கிப் புதியதைச் சேர்க்கும் வழியை ஒரு தாளில் அச்சிட்டு மேசைக்கு ஒன்றாக ஒட்டுவது, அரை நாள் பயிற்சி வகுப்பைவிட நன்றாக வேலை செய்கிறது.

பழைய ஹோஸ்டிங்கை உடனே ரத்து செய்யக் கூடாது. இணையதளமும் அங்கேதான் இருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொன்றை ஓர் அனுபவத்தின் வழியே அறிந்தேன். மாற்றம் நடந்து முப்பது நாள் கழித்து, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்ற நிறைவில், பழைய பெட்டிகளை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடலாம் என்று உட்கார்ந்தோம். கணக்குப் பிரிவின் பழைய பெட்டியில், மாற்றத்துக்குப் பின் வந்த மூன்று கடிதங்கள் படிக்கப்படாமல் இருந்தன. மூன்றும் ஒரே டையிங் யூனிட்டின் பில்கள். பணம் ஏன் வரவில்லை என்று அவர்கள் ஏற்கெனவே இரண்டு முறை தொலைபேசியில் சடைத்திருந்தார்கள். அந்த யூனிட்டின் இணையதளத்தையும் அதே தம்பிதான் அமைத்திருந்தார், அதுவும் அதே சர்வரில்தான் இருந்தது. தன் வீட்டுக்குள்ளேயே இருக்கும் டொமைனுக்கு ஒரு கடிதம் வரும்போது, ஹோஸ்டிங் சர்வர் வெளியே போய் எம்எக்ஸ் வரியைப் படிப்பதில்லை. உள்ளுக்குள்ளேயே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறது. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் அஞ்சல் வழியமைப்பு என்ற பகுதியில் லோக்கல் என்று இருந்ததை ரிமோட் என்று மாற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மூன்று பில்களுக்கும் அன்று மாலையே பணம் போனது.